ஐந்து டாலர்

நாற்காலி வாங்க வந்தவர்களுக்கு
முதலில் அதைக் கவிழ்த்துக் காட்டுவார்
கொன்ராட் ஃபெல்ட்காம்ப்.
"மேல்பக்கம் யாரைக் கண்டாலும் பல்லைக் காட்டும்.
அடியில் பாருங்கள்.
பசை வழிந்திருந்தால் வாங்காதீர்கள்,
என் கடையானாலும்."

அயோவாவில், மிசிசிப்பி வளைகிற இடத்தில்
பெல்டன் என்று ஒரு ஊர்.
கீழ்த்தளத்தில் சாப்பாட்டு மேசை, ஓக் அலமாரி,
மாடியில் கட்டில், தொட்டில்,
பின்கட்டில் சவப்பெட்டி.
அந்நாளில் மரம் விற்றவரே
மரணத்துக்கும் ஆள்.

பதினேழு வருஷம் அங்கே நான்தான் கணக்கு.
உயரமான முக்காலி, பச்சைக் கண்ணாடி விளக்கு,
வாரம் ஐம்பது சென்ட் தவணை.
தவணை தவறியவர் பெயரை மட்டும்
பென்சிலால் எழுதச் சொல்வார்.
ஏனென்று நான் கேட்டதில்லை.
ரப்பர் அவர் மேசையில் இருந்தது.

ஊருக்குக் குழாய்த் தண்ணீர் அவர் கொண்டுவந்தது.
வாக்கெடுப்பில் இரண்டு முறை தோற்று
மூன்றாம் முறை பதினொரு ஓட்டில் ஜெயித்தார்.
டைபாய்டில் போன பிள்ளைகளுக்கு
நாங்கள் விற்ற சின்னப் பெட்டிகளை
வருஷவாரியாகக் கூட்டித் தரச் சொல்லி
அந்த ஒரு தாளை மட்டும்
கூட்டத்தில் எழுந்து வாசித்தார்.
தன் லாபத்தைத் தனக்கெதிராகச் சாட்சிக்கு அழைத்த
வேறொரு வியாபாரியை நான் பார்த்ததில்லை.
அதற்குப் பிறகுதான் மேயராக்கினார்கள்.

பதினெட்டாம் வருஷம், போர்.
ஒரு காலை பெயர்ப்பலகையில்
அவர் பெயர்மேல் மஞ்சள் பெயிண்ட்,
காய்ந்தும் காயாமலும்.
அந்த வாரமே நகரசபையில் தீர்மானம்:
தெருவில், தொலைபேசியில், தேவாலயத்தில்
ஜெர்மன் பேசினால் அபராதம் ஐந்து டாலர்.
மூன்றுக்கு மூன்று.
மேயரின் ஓட்டுதான் பாக்கி.
"சரி" என்றார்.

பயம் என்றார்கள். கடைக்காக என்றார்கள்.
மகன் பிரான்ஸில் பதுங்குகுழியில் கிடக்கிறான் என்றார்கள்.
என் பேரேட்டில்
காரணம் எழுதப் பத்தி கிடையாது.

அவர் மனைவி ஓட்டிலீக்கு இங்கிலீஷில்
ரொட்டி, சோப்பு, குட் மார்னிங்,
அவ்வளவே.
தீர்மானம் வாசல்வரைதான் வந்தது.
வீட்டுக்குள் கொண்டுபோனது அவர்.

அந்த மாதக் கணக்கில் ஒரு வரி:
இருவர் இருக்கை ஒன்று, வால்நட்,
ஒருவர் முகத்தை ஒருவர்
பார்த்தே தீரவேண்டும்படி வளைந்தது.
வாங்கியவர் கொ. ஃபெல்ட்காம்ப்.
முழு விலை. கழிவு இல்லை.
விளக்கு வைத்த ஜன்னலுக்குள்
இருவரும் அதில் வாய்மூடி உட்கார்ந்திருப்பதை
விடியலில் பால்காரப் பையன் பார்த்திருக்கிறான்.

அக்டோபரில் காய்ச்சல் வந்தது.
பெட்டிகள் தீர்ந்துபோயின.
அலமாரிக் கதவுகளைக் கழற்றி
ஆணியடித்தோம், நானும்கூட.
ப்ரூகமான் வீட்டுப் பெண், ஒன்பது வயது.
பாதிரியார் படுக்கையில்.
குழியோரம் அவள் தாய்
வாயைக் கையால் பொத்தி நின்றாள்.
துக்கம் என்றுதான் நினைத்தேன்.
மேயர் தொப்பியைக் கழற்றினார்.
போலீஸ்காரர் டோலன் நின்ற பக்கம் திரும்பி
உரக்க, ஜெர்மனில்,
ஜெபத்தை ஒரு சொல் விடாமல் சொன்னார்.
அவள் கையை எடுத்தாள்.

மறுநாள் ஊர்க் கணக்கில்
அபராதம், ஐந்து டாலர்.
விதித்தவர் கையெழுத்தும்
கட்டியவர் கையெழுத்தும் ஒன்று.
அதன்கீழ் இன்னொரு ஐந்து,
திருமதி ப்ரூகமான் சொன்ன ஆமெனுக்கு.
ஆமென் எந்த மொழி என்று
டோலன் தலையைச் சொறிந்தாராம்.

தீர்மானத்தை அவர் ரத்து செய்யவில்லை.
அடுத்த தேர்தலில் தோற்றார்.
எந்தப் பக்கத்தார் தோற்கடித்தார்கள் என்று
இன்றைக்கும் ஊரில் தகராறு.

ரயில் நிலையத்தில் அவர் பெயரில்
ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.
பித்தளைத் தகட்டில், 'தண்ணீர் தந்தவர்'.
போன வியாழன் ஆளில்லா நேரம்
சுமைகூலிக்காரரைத் துணைக்கழைத்து
அதைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
பசை வழிந்திருந்தது.

நிமிர்த்திப் போட்டு
அதில் உட்கார்ந்துதான்
மூன்று இருபது வண்டிக்குக் காத்திருந்தேன்.